பேச்சாயியின் இடுப்பில் நின்ற சாக்கடை

பேச்சாயியின் இடது இடுப்பு வலிக்க ஆரம்பித்தால், அன்று சாயங்காலத்துக்குள் திண்டுக்கல் கிழக்குச் சாக்கடை அந்த இடுப்பில் வந்து நிரம்பிவிடும். 1958 ஐப்பசியிலிருந்து இது நடந்துவந்தது. முதலில் ஒரு கடுப்பு வரும், நாள் முழுக்க மண் சுமந்தவளுக்கு வருகிற மாதிரி. அப்புறம் கனக்கும். அதற்கப்புறம் டவுனில் பெய்த மழையும், அந்த மழை அடித்துக்கொண்டு வந்த கக்கூஸ் கழிவும், தோல் பதனிடுகிற தோல்ஷாப்புத் தொட்டிகளின் சிவப்புத் தண்ணீரும் டவுன் எல்லையில் இருக்கிற சுவரைத் தாண்டாமல், அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற அவளுக்குள் போய் நின்றுகொள்ளும். மழை ஓய்ந்த பிறகு அவள் எழுந்து, கழிவுத் தண்ணீர் பாய்கிற புல்லுப்பண்ணை வாய்க்கால் கரையில் போய் உட்காருவாள். மூன்று நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அவளுடைய ஊரான நாவக்குளத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசிக்கொண்டதில்லை. அந்த வருஷம் புகையிலைக்கு விலை இல்லை, சோளக்கதிரில் பூஞ்சை விழுந்தது, பேச்சாயி இடுப்பில் சாக்கடை நின்றது. கேட்டால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

1954 வரை டவுனின் கிழக்குப் பக்கத்தில் மழைக்கு ஒரு வழி, மனுசக் கழிவுக்கு ஒரு வழி என்றுதான் இருந்தது. மழை, கோட்டைப் பாறையில் விழுந்து வழிந்து, பழைய ஓடையில் இறங்கி, கிழக்கே மூன்று மைல் ஓடி நாவக்குளத்துக் குளத்தில் விழும். அந்த ஓடையை ஊர்க்காரர்கள் வரத்துக்கால் என்பார்கள். கழிவை வாளியில் அள்ளித் தலையில் சுமந்து வண்டியில் ஊற்ற ஆட்களை வைத்திருந்தார்கள். அவர்களையும் கழிவோடு சேர்த்தே எண்ணினார்கள். தோல்ஷாப்புக்காரர்கள் தங்கள் நாற்றத்தைத் தங்கள் பின்வாசலிலேயே தேக்கி வைத்திருந்தார்கள். பிறகு வடிகால் போர்டு என்று ஒன்று ஏற்பட்டது. அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டிக்காரர்கள், கிழக்குத் தெருக்களில் சொந்த வீடு உள்ளவர்கள். வடிகாலுக்கு வரைந்த படத்தில் இரண்டு கால்வாய்கள் போட்டிருந்தது, மழைக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. தலைவர் படத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், மழைக்கால்வாயை அடித்தார். “மழை வந்தா எல்லாம் ஒண்ணாத்தானய்யா போகப் போகுது, அதுக்கு எதுக்கு ரெண்டு?” என்றார். ஓவர்சியர் ராயப்பராஜ் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். படித்தவர், அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். பிறகு போய் அந்த ஒரு கால்வாய்க்கு அளந்து முளைக்குச்சி அடித்தார். டவுன் எல்லையில், கால்வாய் புல்லுப்பண்ணைக்குத் திரும்புகிற முனையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். வெயில் நாளில் கழிவு சுவரடியில் திரும்பிப் பண்ணைக்குப் போகும். பெருமழை வந்தால் மிஞ்சுவது மட்டும் சுவரைத் தாண்டி வரத்துக்காலில் விழும், வருஷத்துக்கு ஒருநாள் ரெண்டு நாள், அதுவும் மழையில் கலந்து தெளிந்துவிடும் என்று தீர்மானம் போட்டார்கள். கடைசியில் தூறல் போட்டாலே தாண்டியது.

அந்தக் கால்வாய்க்கு மண் சுமந்ததும் சுவருக்குக் கல் சுமந்ததும் நாவக்குளத்துப் பொம்பளைகள்தான். பேச்சாயி இடது இடுப்பில் கல்லை இடுக்கிக்கொண்டு வலது இடுப்பில் கைக்குழந்தை சோலைமலையை வைத்துக்கொண்டு நடந்தாள். இதில் என்ன ஓடப்போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வரும் என்பதுதானே அவர்கள் கண்டது.

1957இல் தண்ணீர் வந்தது. அதற்கு முன் மூன்று வருஷம் குளம் காய்ந்து, நடுக்குளத்தில் ஆடு மேய்ந்தது. ஐப்பசி பிறந்த வாரத்தில் டவுனில் நல்ல மழை, நாவக்குளத்தில் ஒரு பொட்டு இல்லை. மத்தியானம் வரத்துக்காலில் இரைச்சல் கேட்டது. பேச்சாயியின் புருஷன் மொக்கைச்சாமி அந்தக் குளத்து நீர்பாய்ச்சி. தண்ணீரை வயல்வயலாகத் திருப்பிவிடுவது அவன் வேலை. புதுத்தண்ணீர் வந்தால் மண்வெட்டியோடு அதற்கு முன்னால் நடந்து குளம்வரை கூட்டிவருவதும் அவன்தான். வருகிற தண்ணீர் சிவப்பாக நுரைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சீமையில் புதுத்தண்ணீர் என்றைக்கும் செம்மண் கரைந்து சிவப்பாகத்தான் வரும், நுரையோடுதான் வரும். அவன் ஊருக்குள் ஓடிச் சொன்னான். மேளம் வந்தது, கிடாய் வந்தது, பொம்பளைகள் குலவை போட்டுக்கொண்டு செம்போடு வந்தார்கள். முதல் தண்ணீரில் ஒரு கை அள்ளி வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். பிள்ளை அந்தத் தண்ணீர் மாதிரி நிறைந்து வளரும் என்று கணக்கு.

“என்னப்பு, ஒரு மாதிரி வாடை அடிக்குதே?” என்று யாரோ கேட்டார்கள்.

“மூணு வருசம் காஞ்சு கெடந்த ஓடை. செத்த எலி, பெருச்சாளி, சருகு அம்புட்டையும் இழுத்துட்டு வருது. பின்ன பன்னீரா மணக்கும்?” என்றான் மொக்கைச்சாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சாயி சோலைமலைக்கு ஒரு கைக்கு ரெண்டு கையாகக் கொடுத்தாள், ஒரே மகன் என்பதால். மறுநாள் விடியும்போது பையனுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும். பொழுது சாய்வதற்குள் கண் உள்ளே போய்விட்டது. அந்த வாரம் ஊரில் தொட்டில் கட்டியிருந்த வீடுகளில் பாதி வீட்டில் தொட்டிலை அவிழ்த்தார்கள். ஊசி போடுகிறவர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள், கிணற்றில் வெள்ளைப் பொடி தூவினார்கள், திருவிழாவில் கண்டதைத் தின்றிருப்பீர்கள் என்றார்கள். அந்த மாதம் திருவிழாவே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் போர்டுக்குப் போய் நின்றார்கள். “சாக்கடைத் தண்ணிக்கு மேளம் அடிச்சு வரவேற்ற ஊரை நான் இப்பத்தான் பாக்குறேன்” என்றார் தலைவர். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது நல்ல நகைச்சுவையாக இருந்தது. டவுனில் கொஞ்ச நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பேச்சாயி ஒரு வருஷம் புருஷனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டை நகர்த்துவாள், அவ்வளவுதான். அடுத்த ஐப்பசியில் சிறுமலைப் பக்கம் மேகம் கட்டியபோது கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தாள். தான் சுமந்த கல்லைத் தானே பெயர்த்துவிடுவது என்பது எண்ணம். பெயர்த்தால் தண்ணீர் இன்னும் வேகமாகத்தான் குளத்துக்கு வரும் என்று அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை, கோபம் அப்படி. ஆனால் முதல் குத்துக்கே இடுப்பில் ஒரு வலி பிடித்து அவளை உட்கார வைத்துவிட்டது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் ஏறியது, சுவர் விளிம்புவரை வந்தது, நின்றது. டவுனில் மழை வலுத்தது, மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது, ஆனாலும் விளிம்புக்கு மேல் ஒரு விரல்கடைகூட ஏறவில்லை. அவள் இடுப்புதான் கனத்தது. தேடி வந்த மொக்கைச்சாமி அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் அரையடி எழுந்ததும் தண்ணீர் அரையடி சுவரைத் தாண்டியது. அவன் சட்டென்று விட்டுவிட்டான். அவள் உட்கார்ந்தாள், தண்ணீர் அடங்கியது. தண்ணீரோடே வாழ்ந்தவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டை அவள் தலையில் போட்டான்.

“பசிக்குதா பேச்சி?” என்றான்.

“கொல்லுறதையும் கொன்னுட்டு கேக்குறாரு பாரு” என்றாள். ஒரு வருஷத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஓவர்சியர் ராயப்பராஜ் மூன்றாவது மழைக்கு வந்து பார்த்தார். குடையைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி நடந்தார். மழைநேரத்தில் மிஞ்சுவதைத் தேக்கி, வெயில் வந்ததும் மெள்ளப் பண்ணைக்கு விடுகிற ஒரு பெரிய தொட்டி, சுவருக்குப் பக்கத்தில் பழைய படத்தில் இருந்தது. அதையும் மழைக்கால்வாயோடு சேர்த்தே அடித்திருந்தார்கள். அந்தத் தொட்டி செய்யவேண்டியதை ஒரு சித்தாள் மண்ணில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். அவர் போர்டில் போய்ச் சொன்னார். ஊரில் பிள்ளைகள் செத்த பிறகு மனுக்கள் குவிந்து, வேறு வழியில்லாமல் போர்டே மெட்ராஸுக்கு எழுதி மழைக்கால்வாய்க்கு மறுபடி அனுமதி கேட்டிருந்த நேரம் அது. போர்டு அன்றைக்கே அந்தப் பேச்சை நிறுத்தியது. பேச்சாயிக்கு மழைநாள் கூலி என்று ஒரு அற்பக் கூலி போட்டுக்கொடுத்தார்கள்.

“மழை வாய்க்கா எப்ப சார் வெட்டுவீக?” என்று அவள் ஒவ்வொரு மழைக்கும் கேட்டாள்.

“அதான் நீ இருக்கியேம்மா” என்பார் ராயப்பராஜ். அவர் நல்ல மனிதர், மனசறிந்து யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று டவுனில் சொல்வார்கள். அந்த மாதிரி நல்ல மனிதர்களை வைத்துத்தான் இந்த வேலையெல்லாம் நடக்கிறது.

மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி பேச்சாயியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, செலவில்லாத ஏற்பாடு என்று பாராட்டினார். மேற்குச் சாக்கடைக்கும் இப்படி ஒருத்தி கிடைப்பாளா என்று கேட்டார். போர்டு மேற்குப் பக்கத்துச் சித்தாள்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, இடுப்பு வலி உள்ளவர்கள் கை தூக்கு என்றது. அத்தனை பேரும் கை தூக்கினார்கள். “எங்களுக்கு வலிக்கலைன்னா எப்படிய்யா ஒங்க வீடெல்லாம் எந்திரிச்சு நிக்கும்?” என்று ஒருத்தி கேட்டாள். ஒவ்வொருத்தியாகச் சாக்கடை ஓரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். யாருக்குள்ளும் இறங்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்குப் போன அரைநாள் கூலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்படியே நாலு மழைக்காலம் போயிற்று. குளம் தெளிந்தது. அல்லி பூத்தது, கெண்டை துள்ளியது, செத்த பிள்ளைகளின் தங்கச்சிகளும் தம்பிகளும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்கள். பேச்சாயிக்கு இடது பக்கம் ஒடிந்த மாதிரி நடை விழுந்துவிட்டது. மழை மாதங்களில் அவள் மேல் வீசுகிற வாடையை ஊரில் யாரும் சொல்லிக்காட்டியதில்லை, ஆனால் பந்தியில் பக்கத்து இலை காலியாகவே இருக்கும். 1962 மாசியில் அவளுக்குத் தலைசுற்றியது. வியாகுலம்மாள் வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு ஊரூராகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஐப்பசியிலதான் பொறக்கும். நல்லா நாள் பாத்தீக ரெண்டு பேரும்” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். “இங்க பாரு தாயி, ஒரே இடுப்புல சாக்கடையும் பிள்ளையும் ஆகாது. இடுப்பு காலியா இருந்தாத்தான் பிள்ளை தலை திரும்பும். இல்லைன்னா ரெண்டு உசுரு.”

பேச்சாயி போர்டுக்குப் போனாள். இந்த ஐப்பசிக்கு நான் உட்கார மாட்டேன், அதற்குள் வாய்க்காலை வெட்டிவிடுங்கள் என்றாள். ஆறேழு மாதம் கையில் இருந்தது. அவளே வேலைக்கு ஆள் கூட்டிவருவதாகவும் சொன்னாள். போர்டு உடனே ஒத்துக்கொண்டது. வைகாசியில் சுண்ணாம்புக் கோடு போட்டு முளைக்குச்சி அடித்தார்கள். பூசணி உடைத்தார்கள், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், தலைவர் ஒரு வெள்ளி மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினார், போட்டோ எடுத்தார்கள். கல்லும் வந்து இறங்கியது. அந்த ஒரு கொத்தோடு சரி. ஆவணியில் போய்க் கேட்டதற்கு, போன நாலு வருஷமும் ஒன்றும் ஆகவில்லையே, பிரசவம் முடிந்து வந்து உட்காரட்டுமே என்றார்கள். மழையைக் கொஞ்சம் தள்ளி வரச்சொல்லலாம் என்று ஒரு மெம்பர் சொன்னார்.

ஐப்பசியில் மழை தன் நாளுக்கு வந்தது. பேச்சாயி வீட்டில் படுத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டாள். தெருவில் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவது தெரிந்தது. குளத்துத் தண்ணீரையும் அதன் ஊற்றில் ஊறுகிற கிணற்றையும் தவிர அந்த ஊருக்கு வேறு குடிதண்ணீர் கிடையாது. அவள் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவருக்குப் போய் உட்கார்ந்தாள். மொக்கைச்சாமி தடுக்கவில்லை. தடுக்கிற வாய் அவனுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் பேச்சாயிக்குப் பிரசவ வலியும் சேர்ந்துகொண்டது. வியாகுலம்மாள் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்பவே இதை எறக்கியாகணும். எங்கயாவது எறக்குடி!”

புல்லுப்பண்ணை சொட்டுச்சொட்டாகத்தான் வாங்கும், நாலு நாளாகும். பிள்ளை நாலு நாள் பொறுக்காது. குளத்துக்கு விட்டால் ஒரு நாழிகையில் இறங்கிவிடும். பேச்சாயி கிழக்கே குளத்தையும் மேற்கே டவுனையும் மாறிமாறிப் பார்த்தாள். “இந்தாய்யா, மண்வெட்டிய எடுத்துக்க. முன்னால நட” என்றாள். “எங்கிட்டு?” என்றான் மொக்கைச்சாமி. “மேட்டுக்கு” என்றாள்.

வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள், அச்சு முறிந்தது. அதனால் நடந்தாள். மொக்கைச்சாமி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, புதுத்தண்ணீரைக் கூட்டிப்போகிற மாதிரி, பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்து, கல்லையும் முள்ளையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனான். வியாகுலம்மாள் ஜெபமாலையோடு பக்கத்தில் வந்தாள், ஜெபத்துக்கு நடுநடுவே போர்டை ஏசினாள். ஊர்ப்பொம்பளைகள் பின்னால் வந்தார்கள். பேச்சாயி கால்வைத்த இடத்தில் தார்ரோடு ஒரு சாண் அமுங்கியது. சுவரில் ஆள் இல்லாமலேயே தண்ணீர் விளிம்பில் நின்றது, எங்கே போவது என்று அதற்கும் சொல்லப்பட்டுவிட்ட மாதிரி.

போர்டு ஆபீஸில் அன்றைக்கு மீட்டிங். பெரிய ஹாலில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சாயி உள்ளே நுழைந்ததும் தலைவர் எழுந்தார். “இது ஆபீஸம்மா, இங்கெல்லாம் வரக்கூடாது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.”

“தெரியும்யா. இங்கனதான ரெண்டையும் ஒண்ணாக் கலந்தீக” என்றாள். “இங்கனயே பிரிச்சு எடுத்துக்கங்க.”

காப்பி டம்ளர்களைத் தள்ளிவிட்டு அவளை மேசையில் படுக்கவைத்தாள் வியாகுலம்மாள். அன்று சாக்கடை தனியாகவும் பிள்ளை தனியாகவும் வந்தது. முதலில் வந்தது சாக்கடை. இரண்டு நாள் மழை, கிழக்குத் தெருக்கள் அத்தனையின் கழிவு, தோல்ஷாப்புகளின் சிவப்பு, எல்லாம் ஒரு மடை திறந்த மாதிரி இறங்கி ஹாலை நிறைத்து, வராந்தாவை நிறைத்து, வெள்ளை வேட்டிகளை முழங்கால்வரை நனைத்து நின்றது. ராயப்பராஜ் பழக்கதோஷத்தில் பையிலிருந்து டேப்பை எடுத்து ஆழம் அளந்தார். பிறகுதான் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பொம்பளைப் பிள்ளை, சுத்தமாக, ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாமல் பிறந்தது.

அதற்குப் பிறகு பேச்சாயியின் இடுப்பில் எதுவும் வந்து நிற்கவில்லை. சுவரையும் தாண்டவில்லை. டவுனில் மழை பெய்தால், மிஞ்சுகிற தண்ணீர் தானாகவே மேட்டுக்கு ஏறிப் போர்டு ஆபீஸுக்கு வந்தது, வெயில் வந்தாலும் முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. முதல் மாதம் இறைத்துப் பார்த்தார்கள், பம்பு வைத்துப் பார்த்தார்கள், ஒரு சாமியாரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இறைத்தது சாயங்காலம் திரும்பிவந்தது. கால்வாயை வெட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிறகு பழகிவிட்டது. கிளார்க்குகள் மேசைக்காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டார்கள், வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சம்மணம் போட்டு எழுதினார்கள். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு நீளப் பலகை போட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாள் வாந்தி எடுப்பார்கள், ரெண்டாம் நாள் ஏன் இப்படி என்று கேட்பார்கள், மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரிலேயே பேனா நிப்பைக் கழுவுவார்கள். 1965இல் தலைவருக்கு மட்டும் மாடி கட்டினார்கள். அதற்கு எடுத்தது மழைக்கால்வாய்க்கு வந்து இறங்கிய கல்லைத்தான்.

பேச்சாயி வருஷத்துக்கு ஒருதரம், மழை ஆரம்பிக்கும் முன்னால், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பலகையில் நின்று கேட்டாள். “வாய்க்கா என்னாச்சு சார்?” தலைமுடி நரைத்துப்போன ராயப்பராஜ் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தபடி, “இப்பத்தான் குளத்துக்கு ஒண்ணும் வரலையேம்மா” என்பார். “அது ஒங்க புண்ணியமில்ல சார்” என்பாள் அவள். 1969 ஐப்பசியிலும் வந்து கேட்டாள், அதே பதில்தான் கிடைத்தது. 1962 வைகாசியில் அடித்த முளைக்குச்சிகளில் பாதியை அடுப்பெரிக்கப் பிடுங்கிவிட்டார்கள், மீதியில் ஆடு கட்டுகிறார்கள். வடிகால் போர்டு நாவக்குளத்துக்கு மழைத் தண்ணீருக்கென்று தனியாக ஒரு கால்வாய் தர வேண்டும். இன்னும் தரவில்லை.